கோணல் மீசை

முடி வெட்டும் கடையில் கன்னத்தில் ஸ்பிரிட் தடவியதும், அந்த வாடையில் உன் கண்ணாஸ்பத்திரி வந்துவிடுகிறது. "மீசைய எடுத்துடலாமா சார்? வயசு குறையும்" என்று அல்சூர்க் கடைக்காரர் மாதாமாதம் கேட்கிறார். வேண்டாம் என்கிறேன். காரணம் சொல்லத் தொடங்கினால் பின்னால் காத்திருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. தெரிந்தவர்களில் பாதிப்பேர் கண் அழுத்தம் கூடிவிட்டதென்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். உனக்கு மட்டும் குறைந்துபோயிற்று. குறைந்தால் நல்லதுதானே என்று நான் வாழ்த்துகூடச் சொன்னேன். முன்பு நடந்த கண் அறுவைக்குப் பிறகு, உனக்குப் பார்வை இருந்த ஒரே கண்ணும் காற்று இறங்கிய பந்துபோல் தொய்ந்துகொண்டிருக்கிறது என்று டாக்டர்தான் விளக்கினார். கூழ்போன்ற மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்தி நிமிர்த்துவார்கள். சில வாரம் பார்வை வரும். பிறகு மறுபடி தொய்யும்.

கட்டுப் பிரித்ததும் நீ முதலில் பார்ப்பது என் முகத்தை. பள்ளிக்கூட நாளிலிருந்து அதைப் பார்த்து அலுத்தவன் நீ. "மீசை இன்னும் கோணலாத்தான் இருக்குடா" என்பாய். நமக்குள் அதுதான் பார்வைப் பரிசோதனை. அந்த ஞாயிறு ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் வேதபாடம் வாசித்துவிடுவாய்.

கடைசித் தடவை நீ வரமாட்டேன் என்றாய். "பேஜாராயிடுச்சுடா. ஊசி வர்றது ஒண்ணுதான் நல்லாத் தெரியுது." நான் விடவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை என்று, ஏலச்சீட்டுக்கு ஆள் பிடிப்பவன்போல் உன்னை ஆட்டோவில் ஏற்றினேன். ஊசி என் கண்ணில் இறங்கப்போவதில்லை என்பதால் என் தைரியத்துக்குக் குறைவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பி, சற்று நேரம் உற்றுப் பார்த்தாய்.

"ம். கோணல் அப்படியேதான் இருக்கு. இன்னொரு தடவைன்னு நீ சொன்னது சரிதாண்டா."

நரைத்துவிட்டதென்று மீசையை அன்று காலைதான் வழித்திருந்தேன்.

"வெட்டிச் சரி பண்றேன்" என்றேன். ஞாயிறன்று நீ பைபிளைத் திறந்து வைத்து, சங்கீதத்தை ஒரு சொல் தவறாமல் வாசித்தாய். பக்கத்தைப் புரட்ட மட்டும் மறந்துவிட்டாய்.

அந்த வாரமே மீசையை மறுபடி வளர்க்கத் தொடங்கினேன். நீ போய் வருடங்கள் ஆகின்றன. வலிக்கிற கண்ணோடு, என் மனசு நோகக் கூடாதென்று அப்படிச் சொன்னாய். அதைப் பொய்யாக விடாமல் பார்த்துக்கொள்ள என்னால் முடிந்தது இவ்வளவுதான். இன்றும் கடைக்காரர் இரண்டு பக்கத்தையும் சமமாக்கக் கத்தரியை எடுத்தார். இடப்பக்கம் கோணலாகவே இருக்கட்டும் என்றேன்.