உடைந்த ‘கொ’

அன்புள்ள அப்பாவுக்கு, டொராண்டோவிலிருந்து கனிமொழி. முழங்கால் வலி குறைந்ததா? நடவு முடிந்ததா? நான் நலம்.

இங்கே ஒரு சின்னச் சண்டை. புரோகிராம் எழுத எங்கள் கம்பெனி செய்து விற்கும் கருவியில் தமிழ் உடைகிறது; எந்தக் கணினியில் ஓட்டினாலும் அப்படித்தான். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இதைச் சரிசெய்யலாம் என்று யோசனை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் பரணிதரன், ஒரத்தநாட்டுக்காரர், "புரோகிராம் நடுவுல தமிழ்ல யாரும்மா குறிப்பு எழுதுறாங்க?" என்று சிரித்துத் தள்ளிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் எழுதுறேன் சார். அது போதாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். தங்கள் மொழி எழுத்தும் உடைகிறது என்று எங்கள் குழுவில் இருக்கும் தாய்லாந்துப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். நேற்று அந்த வேலையை எங்களிடமே கொடுத்துவிட்டார்கள்.

ஆபீசில் என்னோடு தமிழ் பேசியவர் பரணிதரன் சார் ஒருவர்தான். இப்போது இங்கிலீஷில்தான் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள், அப்பா. பஸ் வந்துவிட்டது.

கனி