போகிக்குள்ள ஜீப்பு நகரணும்

ஜன. 4, ஞாயிறு
காலையிலிருந்து மூடுபனி. வாசல் பலாமரம் காணாமப் போய் பத்து மணிக்குத்தான் ஊடு திரும்புச்சு.

அப்பா உத்தரவு. போகிக்குள்ள ஷெட்டு காலி ஆகணும். பொங்கல் கழிஞ்சதும் மிளகு பறிப்பு, கொட்டிப் பிரிக்க சிமென்ட் தரை எங்களுக்கு அது ஒண்ணுதான். அதுல எங்க ஜீப்பு உக்காந்திருக்கு. உக்காந்திருக்குன்னா நெசமாவே உக்காந்துதான் இருக்கு. எஞ்சின், அச்சு, சக்கரம் எல்லாம் நாமக்கல் பட்டறையில. வெறும் கூடு, நாலு கருங்கல் மேல.

"நகத்த முடியலீன்னா மலையடிக் காரவள்ளி பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டுருவேன்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். அவர் மரவள்ளி ஏத்தி ஓட்டுன வண்டி. கொஞ்சம்கூட பாசமில்ல.

அக்காகிட்ட போன்ல சொன்னேன். அவ நாமக்கல் ஐ.டி.ஐ.ல வெல்டிங் படிக்கிறா. படிப்பு முடிஞ்சதும் மெஷினை இந்த ஜீப்புல ஏத்திக்கிட்டு ஊர் ஊரா வேலைக்குப் போறதா கணக்கு. ஒரு கேட்டுக் கீல் உடைஞ்சாக்கூட மலையே கீழ இறங்கிப் போகுதே. ஜீப்பு போச்சுன்னா அந்தக் கணக்கும் போச்சு. கூட்டோட நீளம் அகலம் கேட்டா. அப்புறம், "டாலி ஒண்ணு செஞ்சுரலாம்டா". அதாவது சக்கரம் வெச்ச இரும்புச் சட்டம். கூட்டை அது மேல ஏத்துனா பகல்ல வெளிய, சாயங்காலம் உள்ள. மிளகும் காயும், வேலையும் ஓடும்.

டாலி. முதல் எழுத்தை மாத்துனா அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் ஆயிருக்கும். சொன்னேன். போனை வெச்சுட்டா.

ஜன. 6, செவ்வாய்
ஸ்கூல். கெமிஸ்ட்ரி டெஸ்ட். அதைப் பத்தி எழுதுறதா இல்ல.

கிடைச்சது:
– தண்ணி டேங்க் ஸ்டாண்டு போட்டு மிஞ்சுன இரும்புச் சேனல், 4 துண்டு
– போல்ட்டு ஒரு டப்பா (பாதி துரு, மீதி முழுத் துரு)
– பரண்ல இருந்த இரும்புக் கட்டில். போட்டோ அனுப்புனேன். அக்கா பதில்: "அது மாமாவைத் தாங்கும், ஜீப்பைத் தாங்காது."

மாமான்னா பக்கத்து ஊட்டுத் தங்கராசு மாமா. மினி பஸ் டிரைவர், ஆள் அகலம். அந்த மெசேஜை அவர்கிட்டயே காட்டுனேன். சிரிச்சுட்டு ஜாக்கி தர்றேன்னார்.

ஜீப்பு மேல அட்டை எழுதி மாட்டியாச்சு: "தடம் எண் 0. எங்கும் செல்லாது." அப்பா படிச்சார். மீசை மட்டும் லேசா அசைஞ்சுது.

ஜன. 10, சனி
வெயில், ஆனா குளிர். அக்கா முதல் பஸ்ஸுல வந்துட்டா. சேந்தமங்கலத்துல நாலு சக்கரம் வாங்கிட்டு வந்தா. நாலுமே எல்லாப் பக்கமும் திரும்புற வகை. குறுகலான ஷெட்டுக்கு அதுதான் வசதின்னா. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு.

வாடகை மெஷின்ல வெல்டிங். வோல்டேஜ் பத்தல. தோட்டத்து மோட்டார் எல்லாம் நிக்கற வரைக்கும் காத்திருந்தோம். ஆரம்பிச்சதும் அம்மா சீரியல்ல கரண்டு போச்சு. "யாரு செத்தான்னு தெரியாமப் போச்சே" – அம்மா. இன்னிக்கு நாந்தான்னு நினைச்சேன்.

சாயங்காலம் ஜாக்கி வெச்சு, ஒரு பக்கமா தூக்கித் தூக்கி, கூட்டை டாலி மேல இறக்கியாச்சு. சிமென்ட் தரையில ஒத்த விரல்ல தள்ளுனேன். ஜீப்பு தட்டாமாலை சுத்துச்சு.

ஜன. 11, ஞாயிறு
எழுதவே கை வரல. எழுதறேன்.

ஷெட்டு வாசல்ல பலகை போட்டு வெளிய இறக்குனோம். எங்க வாசல் சரிவு. இந்த மலையில எந்த வாசல்தான் சரிவு இல்ல? கொஞ்சம் வேகம் எடுத்துச்சு. உடனே மாமா ஓடி ஒரு கல்லைத் தூக்கி முன் சக்கரத்துக்கு அண்டை குடுத்தார். மலையில பொறந்த எவனும் அதைத்தான் செய்வான். வண்டி நகர்ந்தா கை தானா கல்லைத் தேடும்.

அந்த ஒரு சக்கரம் நின்னுச்சு. மத்த மூணும் பக்கவாட்டுல திரும்பி, ஜீப்பு மொத்தமும் அந்தக் கல்லைச் சுத்தி வட்டம் அடிச்சு நேரா தண்ணி டிரம்முல. டிரம்மு நசுங்கிக் காலி. மட்கார்டு நெளிஞ்சு போச்சு. யாருக்கும் அடியில்ல.

மாமா பாவம், கல்லையே பார்த்துக்கிட்டு நின்னார். "பஸ்ஸுன்னா நின்னுருக்கும் சாமி."

அப்பா திட்டல. இரும்புக்காரருக்குப் போன் போட்டார். "ஏனுங்க, புதன்கிழமை வண்டி எடுத்துட்டு வாங்க." அவ்வளவுதான்.

அக்கா அழுவான்னு நினைச்சேன். மண்ணுல குச்சியால நாலு சக்கரம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா. பின்னாடி ரெண்டும் திரும்பக் கூடாதாம். நேரா மட்டும்தான் உருளணும், அப்பத்தான் கல்லு நிக்கும். "தரையைப் பார்த்து செஞ்சோம்டா, ஊரைப் பார்த்து செய்யல." நாமக்கல்லுக்குத் திரும்பிப் போகல, லீவு சொல்லிட்டா.

ஜன. 13, செவ்வாய்
பின் சக்கரம் ரெண்டையும் திரும்பாம வெல்டு வெச்சாச்சு. வடக்கயிறு ரெடி. மட்கார்டை நான் மரச்சுத்தியால தட்டி நிமித்துனேன். முன்னைக்கு இப்ப கொஞ்சம் கேவலமா இருக்கு. விரல் வீக்கம். ஜோக் எதுவும் வரல. அதிசயம்.

ஜன. 14, போகி
இரும்புக்காரர் டெம்போவோட எட்டு மணிக்கே வந்துட்டார். நாங்க அப்பத்தான் கயிறைப் பலாமரத்துல ஒரு சுத்து சுத்திக்கிட்டு இருந்தோம். அக்கா வேலையை நிறுத்தல. அப்பா அவரைக் கட்டில்ல உக்காரச் சொல்லிட்டார்.

மாமா கயிறை விட விட, டிரம்முகிட்டயே நின்ன ஜீப்பு அங்குலம் அங்குலமா இறங்குச்சு. நடுவுல நிறுத்தி பின் சக்கரம் ரெண்டுக்கும் கல்லு குடுத்தோம். நின்னுச்சு. அசையல. நான் ஏறிக் குதிச்சும் அசையல.

அப்பா பக்கத்துல வந்தார். "இறக்கிட்டீங்க. சாயங்காலம் இதை ஏத்தோணுமே கண்ணு?"

"இப்பவே ஏத்திக் காட்டறனுங்கப்பா" – அக்கா.

ஏத்துறதுதான் நெசமான வேலை. அக்கா, நான், மாமா. பாதியில மூச்சு முட்டி, கால் வழுக்கி, நான் ஏதோ கெட்ட வார்த்தைகூட சொல்லிட்டேன். திடீர்னு எடை குறைஞ்சுது. திரும்பிப் பார்த்தா இரும்புக்காரர் தோளைக் குடுத்துத் தள்ளிக்கிட்டு இருக்கார். இன்னொரு பக்கம் அப்பா.

உள்ள போச்சு.

அப்பா இரும்புக்காரர்கிட்ட, "தப்பா நினைச்சுக்காதீங்க, சும்மா வரவெச்சுட்டேன்"னார். அவர் நசுங்குன டிரம்மைப் போட்டுக்கிட்டு கிளம்பிட்டார்.

ஜன. 18, ஞாயிறு
அக்கா காலையில நாமக்கல் போயிட்டா. மிளகு முதல் பறிப்பு. ஷெட்டு முழுக்க வாசம், கண் எரிச்சல். ஜீப்பு வெளிய தார்ப்பாய்க்கு அடியில. நாளைக்குத் தரைத் தகடு துரு சுரண்டணும், உப்புத்தாள் ரெண்டு வாங்

தூறல். அப்பா கத்தறார். தார்ப்பாய் ஓட்டையாம், மிளகை ஒதுக்கியாச்சாம், ஜீப்பு நனையறதுக்குள்ள வந்து தள்ளோணுமாம்.