துட்டி கேட்ட ஜூரர்

சார்வரி வருஷம், ஐப்பசி, வெள்ளி இரவு.

செண்பகத்தோப்பு வழியில் என் கண்முன்னே என் வீட்டுக்காரரை வெட்டிக் கொன்று கொள்ளையடித்தவர்களின் விசாரணை பாதியில் நின்றுவிட்டது. இன்று நான் சாட்சி சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்கு வெளியே வந்தேன். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஜூரர்களில் ஒருவர், ராசபாளையத்துப் பஞ்சு வியாபாரி, வராந்தாவில் வீட்டுக்காரர் சாவுக்கு என்னிடம் துட்டி கேட்டார்.

"இப்படி ஆயிப்போச்சே தாயி."

அவ்வளவுதான் பேச்சு. நான் அழுதேன். எதிராளி வக்கீல் பார்த்துவிட்டார். சாட்சியோடு ஜூரர் பேசக் கூடாதாம்; ஜட்ஜ் துரை ஜூரர்கள் எல்லாரையும் கலைத்துவிட்டார்.

"கலைச்சது தப்புன்னு மெட்ராஸுக்கு அப்பீல் போறோம் மதினி. தோத்தா, புது ஜூரிக்கு நீங்க முதல்லேருந்து சொல்லணும்," என்றார் கொழுந்தன்.

"அவிய கெடந்த கெடையையுமா?"



முதலிலிருந்து என்றால், அன்று வீட்டுக்காரர் வண்டி பூட்டுவதிலிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடினால் சிரித்துக்கொண்டே பூட்டுகிறார். ஏறி உட்காரச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்.