உரலின் அடியில் உங்கள் கையெழுத்து

அக்கா,

இன்று காலை குசினித் தட்டிலிருந்து இடியப்ப உரலை இறக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. தாள் வெளிறிவிட்டது, எழுத்து வெளிறவில்லை. "அம்மாவின்ட உரல். ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்." நீங்கள் போய் நாலு மாதமாகியும் அந்த எழுத்து அதட்டுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது சொல்ல நீங்கள் விட்டீர்களா?

அம்மாவின் முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாள் நினைவிருக்கிறதா? கனடாவிலிருந்து வரும்போதே ஸ்டிக்கர் கட்டு கொண்டு வந்திருந்தீர்கள். செத்த வீட்டுக்குப் புறப்படுகிற ஒருவர் பெட்டியில் ஞாபகமாக எடுத்து வைத்த பொருள் அது. தடித்த பேனையோடு அறை அறையாகப் போனீர்கள். அலுமாரி, தையல் மெஷின், குத்துவிளக்கு, செம்புகள், அப்பாவின் ரேடியோ, சாய்மனைக் கதிரை, அடி ஓட்டையான இட்லிச் சட்டி. ஒன்றும் தப்பவில்லை. எல்லாவற்றையும் கொண்டு போகப் போகிறீர்கள் என்று நம்பி, என் வீட்டுக்காரர் கீழே கடைக்குப் போய் வெறும் அட்டைப்பெட்டிகள் கேட்டு வாங்கி வந்தார். நீங்கள் சிரித்தீர்கள்.

"உனக்கென்ன விசரே? அங்க கொண்டு போய் நான் எங்க வைக்கிறது? இங்கயே இருக்கட்டும். நீ பாத்துக்கொள்."

பார்த்துக்கொண்டேன். பத்து வருடம். வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில். இங்கே வீசும் உப்புக் காற்றுக்குப் பித்தளை ஒரு கிழமையில் கறுத்துவிடும். அது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் ஒரு நாளும் தேய்த்ததில்லை. பாசம் உங்களுக்கு, தூசி எனக்கு. நம் இருவருக்கும் நடந்த பாகப்பிரிவினை அதுதான்.

ஞாயிறு காலைகளை என்னால் மறக்க முடியாது. நான் கறிக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது உங்கள் வீடியோ அழைப்பு வரும். "எப்படி இருக்கிறாய்" என்று ஒரு வார்த்தை. அடுத்த வார்த்தை, "அம்மாவின்ட சாமானைக் காட்டு பாப்பம்." ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பேன், கோயிலில் சுவாமி காவுகிற மாதிரி. "கொஞ்சம் கீழ பிடி. அந்தச் செம்பு ஏன் கறுத்துக் கிடக்கு? புளி போட்டு மினுக்கேல்லையே? ஐயோ, அம்மா இருந்தா இப்பிடி விடுவாவே?" அம்மா இருந்தால் அந்தச் செம்பை எப்போதோ விற்றிருப்பா. அம்மாவுக்குச் சாமான்களில் அவ்வளவு பற்று இல்லை. கடைசிக் காலத்தில் அவவுக்குப் பிடித்ததெல்லாம் பிளாஸ்டிக் வாளியும் கடை இடியப்பமும்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் விழுந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவருக்குப் பாரிசவாதம் வந்த அன்று, ஸ்ட்ரெச்சர் உள்ளே திரும்பவில்லை. நடை வழியில் உங்கள் அலுமாரி. முன்வீட்டு ஐயாவும் அவருடைய மகனும் அவரைக் கதிரையில் வைத்துத் தூக்கி, மூன்று மாடி இறக்கினார்கள். உயிர் தப்பிவிட்டது, கால் தப்பவில்லை. திரும்பி மேலே ஏற்றிய பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் கடற்கரைக்கு நடக்கிற மனிதர், இரண்டு வருடமாக ஜன்னலில் இருந்து ரயில் கோச்சிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தெஹிவளையில் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. இந்த வீடு நம் இருவர் பெயரிலும் இருந்ததால் விற்க உங்கள் கையெழுத்து வேண்டும். நான் கெஞ்சினேன் அக்கா. போனில் அழுதேன்.

"ரெண்டு அறை வீட்டில அம்மாவின்ட சாமானை எங்க வைப்பாய்?" என்றீர்கள்.

என் புருஷனை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. அன்றிலிருந்து உங்களுக்கு நான் தங்கச்சியாக இல்லை, உங்கள் ஸ்டோர் ரூமாகத்தான் இருந்தேன்.

இப்போது, உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லப் போகிறேன். அது அம்மாவின் உரல் இல்லை.

அம்மாவின் உரல் அவ படுக்கையில் விழுந்த பிறகு என் கையால் தவறி விழுந்து பிளந்துவிட்டது. கோட்டை ஸ்டேசனில் இறங்கி, புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு நடந்து போய், நான் புதிதாக வாங்கி வந்தது இது. வாங்கினேனே தவிர ஒரு நாளும் பிழியவில்லை. அம்மா அதைக் கண்ணாலும் பார்க்கவில்லை. செத்த வீட்டில் நீங்கள் நேரே குசினிக்குள் வந்து அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளறி அழுதீர்கள். "அம்மாவின்ட கை பட்டுப் பட்டு எவ்வளவு வழுவழுப்பா இருக்கு பார்!" வழுவழுப்பு வார்னிஷால் வந்தது. சொல்ல வாய் திறந்தேன். வீடு முழுக்க சனம். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். என் பிழைதான். அன்று விட்டதைப் பிறகு சொல்லவே முடியவில்லை. வந்த ஒவ்வொரு முறையும் அதன் இரண்டு கைபிடிகளையும் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். நான் பக்கத்தில் நின்று, உள்ளுக்குள் சிரித்தேன். ஓம், சிரித்தேன். அந்த ஒரு பொய்தான் இந்த வீட்டில் எனக்கென்று இருந்த சொத்து.

நீங்கள் போன பிறகு உங்கள் மகள் பேசினாள். "சின்னம்மா, நான் சைன் பண்ணி அனுப்பிறன். சாமான் ஒண்டும் எங்களுக்கு வேண்டாம். நீங்கள் விரும்பினதைச் செய்யுங்கோ." பத்து வருடம் நான் காவல் காத்ததை அவள் ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டாள். உங்களுக்காக எனக்கு ஒரு கணம் வலித்தது. அதுவும் ஒரு கணம்தான்.

நாளை தெஹிவளைக்குப் போகிறோம். இன்று போத்தல் பத்தரக்காரரை மேலே கூப்பிட்டேன். பழைய போத்தலும் பேப்பரும் எடுக்கிறவர், பழஞ்சாமானும் எடுப்பார். அலுமாரியைக் கழற்றி இறக்கினார். செம்புகள், இட்லிச் சட்டி, ரேடியோ எல்லாம் சாக்குக்குள் போயின. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நடை வழி அகலமாக, வெளிச்சமாக இருந்தது. கடைசியாக அந்த உரலைத் தூக்கினார்.

"மேகத் தெனவத மிஸ்?" இதையும் தாறீங்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

இந்த வீட்டில் முதலில் எறிந்திருக்க வேண்டியதே அதுதான். அம்மாவின் கை அதில் பட்டதே இல்லை. ஆனால் அவர் கைபிடிகளைப் பிடித்த விதத்தைப் பார்த்ததும், அதே இடத்தில் உங்கள் மோதிர விரல் தெரிந்தது. "எப்பா, எப்பா", வேண்டாம் வேண்டாம் என்று ஓடிப் போய்ப் பறித்துவிட்டேன். மனிதர் பயந்துபோனார்.

அம்மாவின் கை படவில்லை. உங்கள் கை பட்டிருக்கிறது. பத்து வருடம் அதில் விழுந்த கண்ணீர் பொய்யில்லை. போகிற போக்கில் இதையும் என் தலையில் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை அக்கா. அவர் கடலைப் பார்க்காத அந்த இரண்டு வருடத்துக்கு மன்னிப்பே கிடையாது.

என் வீட்டுக்காரர் ஜன்னலோரக் கதிரையில் இருந்து, என் மடியில் உரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன, உதில இனி இடியப்பம் பிழியப் போறீரோ?"

"இல்லை," என்றேன். "தூசி தட்டப் போறன்."