ஒளித்து வைத்த இலிஷ்

16 நவம்பர் 1996, சனி

மூன்று மாதத்துக்குப் பிறகு இன்று எங்கள் மீன்கடைக்கு இலிஷ் வந்தது. றாத்தல் ஒன்பது டொலர். சனிதோறும் கணவரோடு வந்து அந்த மீனை விசாரிக்கும் வங்காளி அன்ரிக்காக ஒன்றை ஒளித்து வைத்தேன்.

இன்று தனியாக வந்தார். ஒளித்து வைத்த மீனை எடுத்து அவர் முன் வைத்தேன். “அவர் செத்துப்போனார், தம்பி. எங்கள் வழக்கத்தில் விதவைகள் மீன் சாப்பிடுவதில்லை,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். “சினை இல்லை. நல்ல ருசியாக இருக்கும். நீ சாப்பிட்டுவிட்டுச் சொல்.”

“உந்த விலை மீனை நீயே தின்னப்போறியோ?” என்றார் முதலாளி.

“ஓம்.”

அறையில் தனியே பொரித்துச் சாப்பிட்டேன். முள் எடுக்கவே ஒரு மணித்தியாலம் போனது. இப்படி ஒரு ருசியை நான் கண்டதேயில்லை.

சாப்பிட்டாயா என்று இந்த ஊரில் என்னைக் கேட்பவர் அவர் ஒருவர்தான். அடுத்த சனி வந்து கேட்டால், இனி அதைச் சாப்பிட முடியாத அவரிடம் நன்றாயில்லை என்றுதான் சொல்லவேண்டும்.