பால் வண்டி பேசலாம்

ஜூன் 4, வியாழன்

மலைப்பாதையில் இன்றைக்கு நல்ல மூடுபனி. ஒரு வண்டி போகிற அகலம்தான் பாதை. ஒதுங்குவதற்கு அங்கங்கே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். செல்போன் அங்கே செத்த பிணம். வயர்லெஸ் செட்தான் எங்களுக்குக் கண். "பால் வண்டி, கொக்கி வளைவு, மேல வர்றேன்" என்று சொன்னால் இறங்குகிறவன் கேட்டுவிட்டு ஒதுங்குவான். பள்ளிக்கூட வேன், காய்கறி வண்டி, கல் குவாரி லாரி, எல்லாருக்கும் ஒரே அலைவரிசை.

வளைவைச் சொன்ன பிறகு நான் சும்மா இருப்பேனா? காய்கறிக்காரரைக் கூப்பிட்டு, "உங்க முட்டைக்கோஸ்ல புழு குடியிருக்கே, வாடகை ஒழுங்கா தருதா?" என்றேன். பாதை முழுக்கச் சிரிப்பு.

வீட்டுக்காரர் கேட்கிறார், "நீ பால் விக்கப் போறியா, பேச்சு விக்கப் போறியா?" பேச்சு இலவசம் என்றேன்.

ஜூன் 9, செவ்வாய்

குவாரி கம்பெனி அந்த அலைவரிசையை ஏலத்தில் எடுத்துவிட்டதாம். இனி அது அவர்கள் சொத்து. நாங்கள் செட்டை அணைத்துவிட வேண்டும், மீறினால் பறிமுதல். சொல்ல வந்த வயர்லெஸ் துறை அதிகாரியின் ஜீப்பில் முள்ளு முள்ளாக ஏரியல்.

"காத்துக்கு எப்படி சார் வேலி போடுவீங்க?"

"கம்பி வேலி இல்லம்மா, லைசென்ஸ் வேலி."

சிரிக்கத் தெரிந்த மனுஷன். அதனால் திட்டவும் முடியவில்லை.

ஜூன் 11, வியாழன்

செட்டை அணைச்சு ரெண்டு நாள்தான் ஆச்சு. கொக்கி வளைவு திரும்பினா, குவாரி லாரி மூக்கு என் கண்ணாடிக்கு முன்னாடி. பிரேக்கை மிதிச்சதுல பின்னாடி கேன் எல்லாம் உருண்டு, பாதி பால் ரோட்டுல. பால் போகட்டும். எனக்குப் பின்னாடி பள்ளிக்கூட வேன் வந்துக்கிட்டிருந்தது. உள்ளே அத்தனை பிள்ளைங்க. ரெண்டு பேரும் ரிவர்ஸ்லயே இறங்கினோம். ஒரு பக்கம் பள்ளம்.

காத்தை வாங்கினாங்க, சரி. ரோட்டையுமா வாங்கினாங்க?

ஜூன் 16, செவ்வாய்

அதிகாரியின் ஆபீஸில் பஞ்சாயத்து. ஒரு பக்கம் கம்பெனி மேனேஜர் அம்மா. மறுபக்கம் வேன்கார அண்ணன், காய்கறிக்காரர், நான். மேனேஜர் பெரிய வில்லியாக இருப்பார் என்று முழுக்கத் தயாராகப் போயிருந்தேன். அவர் சொன்னதோ இது:

"குவாரில வெடி வைக்கிறப்போ பாதையை நிறுத்தச் சொல்லி எங்க ஆள் செட்ல கத்துறாரு. யாருக்கும் கேக்கல. ஏன்னா இந்த அக்கா முட்டைக்கோஸைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருக்காங்க. அதுக்குத்தான் பணம் கட்டி வாங்கினோம்."

காய்கறிக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். நம்ம பக்கத்து ஆளே!

அதிகாரி யோசித்துச் சொன்னார். "சொத்து அவங்களோடதுதான். ஆனா அவங்க பேசாத நேரம் அது சும்மாதானே கிடக்கு? ஒரு மாசம் பாப்போம். முதல்ல காதைக் குடுங்க. காலியா இருந்தா வளைவை மட்டும் சொல்லுங்க. அவங்க ஆரம்பிச்சா நீங்க நிறுத்திடணும். நீங்க குறுக்கே பேசினதா ஒரு புகார் வந்தாலும் முடிஞ்சது."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏன், என் தலையில் கடிகாரமா மாட்டியிருக்கு?

வீட்டுக்காரர் பந்தயமே கட்டிவிட்டார். "ஒரு மாசம் நீ வாயை அடக்கிட்டா, இந்த வருஷம் பூரா பால் கேனை நான் கழுவுறேன்." என் மேல் அவ்வளவு நம்பிக்கை!

ஜூன் 20, சனி

தாடை வலிக்கிறது. பேசாமல் இருந்தாலும் வலிக்குமா?

ஜூன் 27, சனி

குவாரி ஆபீஸில் செட் பிடிப்பவன் ஒருவன், கரகரத் தொண்டை. வேண்டுமென்றே கேட்கிறான், "என்ன, பால் வண்டியில ஆள் இருக்கா, இல்ல மாடே ஓட்டுதா?" அருமையான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாவம், அவர் எதுவுமே கேட்கவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

காலையில் செட்டைத் திறந்தால் ஒரே பாட்டு. ஆண் குரல், தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கின மாதிரி. நிற்கவே இல்லை. ஒருத்தன் பேசுகிற பட்டனை விடாவிட்டால் மற்றவர்கள் குரல் ஏறாது. வெடி வைக்கிற நேரம் வேறு. எவன் எங்கே வருகிறான் என்று யாருக்கும் தெரியாது. ஒதுங்கும் இடத்தில் வண்டியைப் போட்டேன். பின்னால் வந்த பள்ளிக்கூட வேனையும் கை காட்டி நிறுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குவாரி லாரி. அதே பாட்டு, இப்போது ஜன்னல் வழியாக! குறுக்கே நின்று மறித்தேன்.

"தம்பி, எந்திரி."

"எதுக்குக்கா?"

"எந்திரிடான்னா!"

எழுந்தான். மைக் அவன் தொடைக்கு அடியில். எழுந்ததுமே செட்டில் கரகரத் தொண்டை அலறியது: "எவன்டா அவன்? வெடியையே நிறுத்தி வெச்சிருக்கோம்!" தம்பி முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

கரகரப்பு கத்தி முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு என் செட்டை எடுத்து, "பால் வண்டி, கொக்கி வளைவு, ஒதுங்கி நிக்கிறேன்." அவ்வளவுதான். அந்தத் தொடையைப் பற்றி எனக்குள் எத்தனை கிண்டல் எழுந்து செத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஜூலை 15, புதன்

கம்பெனியிலிருந்து புகார் போய்விட்டது! குறுக்கே பாடியது பால் வண்டிக் கும்பலாம். இப்படியா முடியணும்? வாயைக் கட்டினதுக்கு இதுதான் கூலியா?

ஜூலை 17, வெள்ளி

அன்றைக்கு அலைவரிசையில் போனது எல்லாமே அதிகாரியின் ஜீப்பில் பதிவாகியிருந்திருக்கிறது! அதிகாரி போட்டுக் காட்டினார். பாட்டு ஓடுகிறது. மேனேஜர் அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இது நம்ம டிரைவர்." அப்புறம் "தம்பி, எந்திரி" வரும் என்று பயந்தேன். நல்லவேளை, நான் லாரிக்கு வெளியே நின்றதால் அது பதிவாகவில்லை. என் பேச்சில் பதிவானது அந்தக் கடைசி வரி மட்டும்.

மேனேஜர்தான் முதலில் சிரித்தார். புகாரைக் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டார். "இவங்களும் செட்ல இருக்கட்டும் சார். யார் எங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சாத்தான் எங்க லாரிக்கும் பத்திரம்."

முடிவாகிவிட்டது. அலைவரிசை அவர்களுடையது. அவர்கள் சும்மா இருக்கும்போது பாதை வண்டிகள் எல்லாருக்கும் பொது. ஒரு மாசத்துக்கு இல்லை, நிரந்தரமாக. வேன்கார அண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினதில் வளையல் ஒன்று போச்சு.

ஜூலை 20, திங்கள்

கொக்கி வளைவில் மூன்று குவாரி லாரி வரிசையாக ஒதுங்கி நின்றது. செட்டில் கரகரத் தொண்டை: "வெடி முடிஞ்சுது. பாதை திறந்தாச்சு. முதல்ல பால் வண்டி பேசலாம்."

வளைவைச் சொன்னேன். நிறுத்திவிட்டேன்.

"அப்புறம்?" என்றான்.

சொத்துக்காரனே கேட்டுவிட்டான். இனி என்ன?

"அப்புறம் ஒண்ணுமில்ல தம்பி. மாடுதான் ஓட்டுது. நான் பின்னாடி தூங்கிக்கிட்டு வர்றேன்."

மூன்று லாரியும் ஹாரன் அடித்தது.

இதை எழுதும்போது வாசல் குழாயடியில் கேன் உருளும் சத்தம். "மூடியையும் தேய்ங்க!" என்று கத்தினேன். செட் இல்லாமலேயே கேட்டுவிட்டது.