மணியாச்சியில் மாறி லிஸ்பனுக்கு

மதினி,

லிஸ்பன் வரை போய்த் திரும்பியும் பெட்டியை விட்டுப் போகவில்லை உங்கள் மாசிப்பொடி வாசம். இன்று காலை துணிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பக்கப் பையைத் திறந்தேன், குப்பென்று அடித்தது. "ஏளா, வாசம் வெளிய வருதான்னு பாப்போம்" என்று பயணத்துக்கு வெகு முன்பே ஒத்திகைக்காக நீங்கள் உள்ளே வைத்த கருவாட்டுப் பொடி. வருகிறது மதினி, நன்றாகவே வருகிறது.

அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் நீங்களும் நானும்தான். சாப்பாட்டு மேசைதான் நமக்கு ஐரோப்பா. உப்பு ஜாடி உங்கள் மகன் வேலை பார்க்கும் ஜெர்மனி. ஊறுகாய் பாட்டில் பாரிஸ். அப்புறம் பார்சிலோனா, மாட்ரிட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து, மேசை ஓரத்தில் மக்ரூன் டப்பாவை லிஸ்பன் ஆக்குவீர்கள். எந்த வண்டியில் எதைச் சாப்பிடுவது என்று முடிவான பிறகுதான் எந்த வண்டி என்ற பேச்சே. புளிச்சோறு பாரிஸ் வரை தாங்கும், அதற்கு மேல் ரொட்டிதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள்.

மகன் போனில் தலையில் அடித்துக்கொண்டான். "இங்கருந்து பிளேன்ல ஏறுனா மூணு மணி நேரம்மா. எதுக்கு இத்தன வண்டி மாறணும்?"

"ஒன்னப் பாக்க வாரதுக்கு வேற வழியில்ல, பறந்து வாரேன். அதுக்கப்புறமும் மேகத்தையே பாத்துக்கிட்டு இருக்கவாலே? மாறுறது என்ன பெரிய காரியம்? மணியாச்சி ஜங்ஷன்ல இறங்கி எதுத்தாப்புல நிக்கிற வண்டியில ஏறலியா?"

பாரிஸில் அப்படி இல்லை, ஒரு ஸ்டேஷனில் இறங்கி ஊரைக் கடந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று அவன் விளக்கினான். உங்களுக்கு வந்ததே கோபம்! "ஒரு ஊருக்கு எதுக்குலே ரெண்டு மணியாச்சி?" முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்தீர்கள்.

ஜன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போன வார்த்தைகள் என்று பங்குச் சாமியார் சொன்ன நாளில் பிடித்தது இந்த லிஸ்பன் பைத்தியம். "அங்கன போயி நா ஜன்னல்னு சொல்லுவேன். ஜன்னலக் காட்டுதாவளான்னு பாக்கணும்."

"ஆமா, ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காவ" என்று நான் கேலி செய்தேன்.

டிக்கெட் எல்லாம் எடுத்த பிறகு, ஒரு நாள் காபி ஆற்றிக்கொண்டிருந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இப்படியா ஒருத்தியைத் தனியாக விட்டுவிட்டுப் போவார்கள்?

முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்த மகன் சொன்னான்: "ரயில் டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருவோம் அத்தை. நீங்க ஆசப்பட்டா பிளேன்லயே லிஸ்பனக் காட்டுதேன்." எனக்கும் பயம்தான். வெளியூரில் வாய் திறந்து பேசுவதெல்லாம் நீங்கள்தானே. ஆனால் பறந்து போனால் நீங்கள் மேசையில் வைத்த ஊர் ஒன்றுகூட என் கண்ணில் படாது. "ஒங்கம்மாவுக்குப் பதிலா நீ வா. வண்டியிலதான் போறோம்" என்றேன்.

பாரிஸில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும்போது, "ரெண்டாவது மணியாச்சி எங்கனலே?" என்று கேட்டேன். சிரித்தான். பிறகு நடுத்தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எந்த வண்டியிலும் நானாக ஜன்னல் ஓரம் உட்காரவில்லை. நாம் எங்கே போனாலும் அது உங்கள் இடம். எத்தனை சண்டை போட்டாலும் விட்டுக் கொடுக்க மாட்டீர்களே. மாட்ரிட் தாண்டியதும் நேர் வண்டி இல்லை. எல்லையில் மாறி ஒரு சின்ன வண்டியில் ஏறினோம். மகன் எதிரே தூங்கிவிட்டான். என் பக்கத்தில், ஜன்னல் ஓரம், நம் வயதில் ஒரு அம்மாள். அவளைப் பார்த்து, "ஜன்னல்" என்றேன்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். இன்னொரு முறை சொன்னேன்.

"ஷனேலா?" என்று கேட்டு, கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள். நான் இடம் கேட்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து என்னை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாள். வெளியே ஒரு ஆறு கூடவே வந்தது. எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, அப்படி அழுதுகொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்த பிறகு, காலையில் ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் அந்த வார்த்தையை வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். கேலி செய்த வாயல்லவா, அதனால்தான் நானே சொல்கிறேன். ஜன்னல் என்று சொன்னேன் மதினி. ஜன்னலைத்தான் காட்டினாள்.